துணியால் புகை அளந்த கடைசி வாரம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் இன்ஸ்பெக்டர்களே, ஆரம்பத்திலேயே ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டில் என்னைப் பற்றிச் சொல்வதாக இருந்தால், பின்பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்பாதியை மட்டும் கேட்டவர்கள், "இந்த ஆள் எப்படி ஓய்வு பெறும்வரை வேலையில் இருந்தான்?" என்று கேட்பார்கள். என் மனைவி கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் சொல்லவில்லை.

சட்டத்தில் நமக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் என்று பெயர். மதுரை ஜனங்களுக்கு நாம் என்றைக்கும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'தான். பிரேக்கைத் தவிர வேறு எதையும் நாம் பார்ப்பதில்லை என்று அவர்கள் நம்புகிறார்கள். உங்களுக்கு இப்போது புகை பார்க்க மெஷின் இருக்கிறது. குழாயைச் சைலன்சரில் செருகினால் எண் அச்சாகி வருகிறது. கிழித்து நீட்டிவிட்டுப் போய்விடலாம். எண்பதுகளில் எங்களிடம் இருந்தது ஒரு முழம் வெள்ளைத் துணி.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. வண்டியை நிறுத்துவோம். எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சர் வாயில் துணியைக் கட்டி, டிரைவரை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி, மனதுக்குள் முப்பது எண்ணுவோம். பிறகு துணியை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். எங்கள் அலுவலகத்தில் அதற்கு மூன்று தரம் வைத்திருந்தோம். பால், காபி, தார். பால் என்றால் போகலாம். காபி என்றால் எச்சரிக்கை. பதினைந்து நாளில் சரிசெய்து கொண்டுவந்து காட்ட வேண்டும். தார் என்றால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும், எஃப்.சி. என்று எல்லோரும் சொல்லும் தகுதிச் சான்று என் பைக்குள் வந்துவிடும். துணியை மடித்துக் கோப்பில் நூல்போட்டுத் தைத்து வைப்போம், சாட்சியத்துக்கு. எங்கள் பதிவறையில் எலித் தொல்லை இருந்ததே இல்லை.

இந்தப் பால், காபி எல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். பழைய மோட்டார் வாகனச் சட்டம், ஒரு வண்டி எவ்வளவு புகை விடலாம் என்று விதி எழுதும் வேலையை மாநிலங்களிடம் விட்டுவைத்திருந்தது. நம் மாநில விதியோ, பிறருக்குத் தொல்லை தரும்படி புகை விடக்கூடாது என்கிற பொருளில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. தொல்லை என்றால் எவ்வளவு? அது அன்றைக்கு யார் கண் பார்க்கிறதோ அந்தக் கண்ணைப் பொறுத்தது. வில்லாபுரத்திலிருந்து திருமங்கலம் வரைக்கும் அந்தக் கண் என்னுடைய கண். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

1989 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. புகைக்கு அளவு சொல்லும் அதிகாரம் அதோடு டெல்லிக்குப் போய்விட்டது. இனி நாடு முழுவதற்கும் ஒரே அளவு, அதுவும் எண்ணில், அதுவும் கருவி வைத்து. கருவி எங்கே என்றால், வரும் என்றார்கள். இதையெல்லாம் விளக்கி மெட்ராஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது.

அந்தக் காலத்து அலுவலகங்களில் சுற்றறிக்கை மேசை மேசையாக நடந்து வரும். படித்தவர்கள் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். ஒப்பம் போடுவதில் எங்கள் அலுவலகத்திலேயே நான்தான் வேகமானவன். அன்றைக்குச் சுற்றறிக்கையைக் கொண்டுவந்தவர் எங்கள் தட்டச்சர் அம்மா. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். ஆனால் எட்டு வருட சர்வீஸ். வருகிற போகிற காகிதத்தையெல்லாம் அடிப்பதால் எல்லாவற்றையும் படித்திருக்கும் ஒரே ஆள்.

"சார், இதை மட்டும் ஒரு தடவை முழுசாப் படிச்சிருங்க. புகை விசயம் இருக்கு."

"புகையப் பத்தி எனக்கே பாடமாம்மா? குடுங்க இங்கிட்டு."

ஒப்பம் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். "ஒப்பம் ரொம்ப லட்சணமா இருக்கு சார்" என்றார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை காலையில் நான் அவனியாபுரத்தில் நின்றேன். குறிவைத்து நின்றேன் என்பதுதான் சரி. அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அவனியாபுரம், வில்லாபுரம் வழியாக டவுனுக்குப் போகும் தனியார் பஸ் ஒன்று இருந்தது. முன்னால் என்ன பெயர் எழுதியிருந்தாலும் ஜனங்கள் அதைக் 'கரிச்சட்டி' என்றுதான் சொல்வார்கள். கிளம்பும்போது அது விடுகிற புகையில் பின்னால் ஒரு தெருவே காணாமல் போகும். முந்தின வாரம் வில்லாபுரத்தில் ஒரு தபால்காரர் சைக்கிளோடு அந்தப் புகைக்குள் போனார். வெளியே வந்தபோது சாக்கடைக்குள் இருந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு என் மேசைக்கு வந்து, "சார், மனு எழுதக் கை இல்ல. வாயால சொல்றேன், எழுதிக்கங்க" என்றார். எழுதிக்கொண்டேன். அந்த வண்டியை அப்படியே ஓட விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவும் செய்துகொண்டேன்.

கரிச்சட்டி வந்தது. கை காட்டினேன். டிரைவர் சோணைமுத்து தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணே, பீக் அவர்ணே. ரிட்டன்ல பாத்துக்கிருவமே."

"எஞ்சின ஆஃப் பண்ணாத. எறங்காத. நான் சொல்றப்ப மிதி."

பின்னால் போய்த் துணியைக் கட்டினேன். ஜன்னலெல்லாம் தலைகள். "என்னடா செய்றாரு?" என்று ஒருவர் கேட்க, "பஸ்ஸுக்குச் சளி புடிச்சிருக்காம். மூக்கச் சிந்தி விடுறாரு" என்று இன்னொருவர் பதில் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. முப்பது எண்ண வேண்டியதே இல்லை. பன்னிரண்டிலேயே துணி தார்.

பயணிகளை இறக்கி அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டேன். "காலேல வேலைக்குப் போற மனுசங்கள நடுரோட்டுல எறக்கி விடுறதுக்கு ஒரு இன்ஸ்பெக்டரு" என்று ஒரு அம்மாள் என் காது கேட்கவே சொல்லிவிட்டுப் போனார். தணிக்கைப் படிவத்தை எடுத்தேன். பழைய அச்சுப் படிவம்; மாநில விதியின் எண் அதிலேயே அச்சிட்டிருந்தது. எரிபொருள் எப்படி, எஞ்சின் எப்படி என்று எதையும் நான் பார்க்கவில்லை. துணி கையில் இருக்கிறதே, பிறகென்ன? வண்டியை ஓட்டக்கூடாது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அசலைச் சோணைமுத்துவிடம் கொடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் திரும்பினேன். மதுரையையே கழுவித் துடைத்துவிட்டதுபோல இருந்தது.

மறுநாள் வண்டியின் முதலாளி வந்தார்.

அவனியாபுரத்தில் தலைமுறைகளாக வயல்வேலை பார்த்த குடும்பம். இவர் லாரி டிரைவராகப் போய், பிறகு பஸ் முதலாளி ஆனவர். சத்தம் போடமாட்டார். நாற்காலியைக் காட்டினாலும் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்காருவார். கையில் புதிய சட்டப் புத்தகம். அங்கங்கே அடையாளத்துக்குத் தன் வண்டியின் பஸ் டிக்கெட்டுகளையே செருகி வைத்திருந்தார்.

"சார், கோவிச்சுக்கிரக் கூடாது. ஒரே ஒரு சந்தேகம். நேத்து நீங்க எழுதிக் குடுத்த விதி எந்த ஊரு விதி?"

"நம்ம மாநில விதிதான், முதலாளி."

"அதான் சார் கொழப்பம். புகைக்கு அளவு சொல்றது இப்ப டெல்லின்னுல்ல இதுல போட்டுருக்கு?" ஒரு டிக்கெட் இருந்த பக்கத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். "உங்க துணி எம்புட்டுன்னு காட்டுச்சு சார்? ஒரு நம்பர் சொல்லுங்க. பேசாமப் போயிர்றேன்."

'தார்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது எண் இல்லை என்பது பாதி வழியில் உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன். அவர் வணக்கம் சொல்லி எழுந்து, வட்டாரப் போக்குவரத்து அதிகாரியின் அறைக்குள் போய் ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார். சிறிது நேரத்தில் அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரிக்கிறேன். வண்டியும் இங்க வரட்டும், வர்றதுக்கு மட்டும் அனுமதி குடுத்துருக்கேன். அதிகாரம் இல்லாம நிறுத்தியிருந்தீங்கன்னா ஆர்டர் ரத்து, வண்டி உடனே ரூட்டுக்குப் போயிரும். உங்ககிட்ட நான் விளக்கம் கேக்க வேண்டி வரும். தெரியும்ல?"

தெரியும். எனக்குத் தகுதிகாண் பருவம் முடிய மூன்று மாதம் இருந்தது. விளக்கம் கேட்கும் குறிப்பாணை ஒன்று கோப்பில் ஏறினால் அந்தப் பருவம் நீளும், அல்லது அங்கேயே முடியும். கரிச்சட்டியோ மறுபடியும் அதே சாலையில் அதே புகையோடு ஓடும். மற்ற முதலாளிகளும் ஆளுக்கொரு புத்தகம் வாங்கிக்கொள்வார்கள்.

இப்போது என் பதற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலருக்குப் பதற்றம் வந்தால் கை நடுங்கும், எழுத்து கோணும். எனக்கு நேர்மாறு. பயம் ஏற ஏறக் கையெழுத்து அழகாகும். அன்று மத்தியானம் உட்கார்ந்து அதிகாரிக்கு நான்கு பக்கத்தில் ஒரு பதில் எழுதினேன். கல்யாணப் பத்திரிகைக்கு அனுப்பலாம்போல இருந்தது. அதில் ஒரு வரிகூட உபயோகமில்லை. முதல் பக்கத்தில் பொதுநலம், இரண்டாம் பக்கத்தில் தபால்காரர், மூன்றாம் பக்கத்தில் நான் வாங்கிய டிப்ளமோ, நான்காம் பக்கத்தில் கெஞ்சல்.

பிறகு யோசனைகள் வந்தன. ஒவ்வொன்றும் முந்தினதைவிட மட்டம். டைபாய்டு என்று லீவு போடலாமா? துணியைத் தொலைத்துவிடலாமா? டெல்லிக்கே தந்தி அடித்துக் கேட்கலாமா? கேட்டால் யாரிடம் கேட்பது, 'தார் செல்லுமா' என்றா? கடைசியில் வந்ததுதான் உச்சம். படிவத்தின் அலுவலக நகலை எடுத்து, மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, அரை பிளேடால் அந்த விதி எண்ணைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

"என்ன சார், படிவத்துக்குச் சவரமா?"

தட்டச்சர் அம்மா. பிளேடு கீழே விழுந்தது. என் கால் அதன்மேல் ஏறி நின்றுகொண்டது.

"இல்லம்மா, ஒரு சின்ன எழுத்துப் பிழை..."

"அசல் அவுக கையில இருக்கு சார். நீங்க நகலச் சொரண்டுனா புகை கேஸு போயி போர்ஜரி கேஸு வரும். அதுக்கு எந்த ஊரு விதின்னு யாரும் கேக்க மாட்டாக."

காலை எடுத்தேன். அவர் குனிந்து பிளேடை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். உட்காரச் சொல்லாமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. பதற்றத்தின் அடுத்த கட்டம் அது. "என்னம்மா நியாயம் இது? ரோடு நம்ம ரோடு. விழுந்தது நம்ம ஊரு ஆளு. அளவு மட்டும் டெல்லிலருந்து வரணுமா? அவுக அவனியாபுரத்தப் பாத்திருக்காகளா?"

"சார், உங்க காபியும் திண்டுக்கல் இன்ஸ்பெக்டர் காபியும் ஒண்ணா?"

நான் விழித்தேன்.

"போன மாசம் கேரளாவுல பால்னு விட்ட லாரி, திண்டுக்கல்ல காபின்னு தப்பிச்சு, இங்க வந்து உங்ககிட்டத் தார்னு நின்னுச்சு. நான்தான் மூணு ரிப்போர்ட்டையும் கோத்து டைப் அடிச்சேன். ஒரே லாரி, ஒரே வாரம். லாரிக்காரன் என்ன செய்வான் சொல்லுங்க? நம்பர்னு ஒண்ணு வேணும்ல?"

  உங்களில் சிலர், நம் ஊருக்கு நாமே விதி எழுதினால் என்ன என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் எஞ்சின் செய்கிறவன் ஊருக்கு ஒரு எஞ்சின் செய்யமாட்டான். மூன்று எல்லை தாண்டுகிற வண்டிக்கு மூன்று அளவு இருந்தால், கடைசியில் அளவே இல்லாமல் போகும். அந்த லாரிக்குப் போனதுபோல.

"சரிம்மா. அப்ப கரிச்சட்டிய விட்டுரட்டுமா?"

"அத நான் எப்பிடிச் சொல்ல? நீங்கதான இன்ஸ்பெக்டரு. அது ஏன் சார் அம்புட்டுக் கருப்பாப் புகை விட்டுச்சு?"

"பழைய வண்டி."

"பழைய வண்டியெல்லாம் தார் விடுதா?"

நகலை எடுத்து மறுபடியும் படித்தேன்.

"பானட்டத் தெறந்து பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. ஆட்டோமொபைல் டிப்ளமோ வாங்கியவன், எஞ்சின் மூடியைத் திறக்காமல் ஒரு எஞ்சினைத் தண்டித்திருக்கிறேன். அந்த மதியம் எனக்குச் சுருக்கென்று தைத்தது அதுதான். விதி தப்பானதைவிட அது பெரிய வெட்கம்.

"எட்டு வருசமா ஆய்வு ரிப்போர்ட் அடிக்கிறேன்" என்றார் அவர். "மத்தவுகளுக்கெல்லாம் மொத வரி எஞ்சின்தான். உங்களுக்கு மட்டும் மொத வரி துணி. வண்டி ஓடலாமா கூடாதான்னு சோதிக்கிற அதிகாரம் எங்கிட்டும் போகல சார், உங்ககிட்டதான் இருக்கு. புகைக்கு அளவு சொல்றது மட்டுந்தான் போயிருக்கு. சுத்தறிக்கையில மூணாவது பத்தி. நீங்க ஒப்பம் போட்டுருக்கீக பாருங்க, அதுக்குப் பக்கத்துலயே."

சுற்றறிக்கையை வாங்கிப் படித்தேன், முதல் தடவையாக. பழைய மாநில விதிகளில் புதிய சட்டத்துக்கு முரண்படாதவை தொடரும், முரண்படுபவை நிற்காது. அளவு சொல்லியாகிவிட்ட இடத்தில் என் கண் இனி அளவாகாது. என் கண்ணுக்கு அன்றோடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கைக்குக் கொடுக்கவில்லை.

"இப்ப ஆர்டர நானே வாபஸ் வாங்குனா, வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிருவாரே?"

"போகலாமா வேணாமான்னு நாளைக்கு வண்டியப் பாத்து முடிவு பண்ணுங்க. இன்னைக்குக் காயிதத்தப் பாத்து முடிவு பண்ணாதீங்க."

நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். ஒரு துண்டுத்தாளில் எழுதினேன்: நான் பிறப்பித்த உத்தரவு இப்போது செல்லாத விதியின்கீழ் எழுதப்பட்டது, சுற்றறிக்கையைப் படிக்காமல் ஒப்பமிட்டது என் தவறு, உத்தரவைத் திரும்பப் பெற அனுமதி வேண்டுகிறேன். எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. அப்பாடா, பயம் இறங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கரிச்சட்டி வந்தது. வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதிகாரியின் அறை ஜன்னல் வழியாகப் புகை உள்ளே வந்து, மின்விசிறியில் ஒரு சுற்றுச் சுற்றி, மேசைமேல் இறங்கியது. அதிகாரி இருமினார். முதலாளி இருமினார். நானும் இருமினேன், ஆனால் மரியாதையாக, கைக்குட்டையை வைத்துக்கொண்டு.

"எனக்கு இருமல் வருது" என்றார் அதிகாரி. "ஆனா இருமல ஆர்டர்ல எழுத முடியாது. டெல்லில இருமலுக்கு நம்பர் போடல. என்ன சொல்றீங்க இன்ஸ்பெக்டர்?"

துண்டுத்தாளை நீட்டினேன். படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படித்தார், கையெழுத்து புரியாததாலும் இருக்கலாம்.

முதலாளி ஏழெட்டு டிக்கெட் செருகிய புத்தகத்தோடு சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். நான் ஒத்துக்கொண்டேன் என்றதும், பிடித்து இழுக்கப்போன கதவு தானாகத் திறந்த மாதிரி தடுமாறிப்போனார். "அப்ப... அம்புட்டுத்தானா சார்?" என்றார்.

"அம்புட்டுத்தான். உத்தரவு ரத்து. இன்ஸ்பெக்டர நான் தனியாக் கவனிச்சுக்கிறேன்" என்றார் அதிகாரி. கவனித்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுற்றறிக்கைகளைப் படித்து ஒப்பமிட வேண்டும் என்று எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. தகுதிகாண் பருவம் உரிய நாளில் முடிந்தது. எச்சரிக்கையை அடித்தவர் யார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஒரு பிழை இல்லை.

வெளியே முற்றத்துக்கு வந்தோம். சோணைமுத்து எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். முதலாளி என் பக்கம் திரும்பி, நல்லவிதமாகவே சொன்னார்: "மெசின் வந்தப்பறம் நிறுத்துங்க சார். நானே கொண்டாந்து காட்டுறேன். இப்ப வாரேன்."

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தோற்று நிற்கும்போது இன்னொரு கேள்வி கேட்பது கஷ்டம். பழிவாங்குகிறான் என்பார்கள். முதலாளி அப்படி நினைக்கலாம், ஜன்னலில் நிற்கும் அதிகாரி அப்படி நினைக்கலாம். பேசாமல் போய் ஒரு டீ குடிப்பதுதான் மரியாதை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மாவுக்கட்டுக்காரர் வாயால் சொன்னதை நான் எழுதி வைத்திருந்தேன்.

"முதலாளி, ஒரு நிமிசம். புகையப் பத்திப் பேசல. வண்டியச் சோதிக்கிற அதிகாரம் இப்பவும் என்கிட்டதான். பானட்டத் தெறக்கச் சொல்லுங்க."

அவர் முகம் மாறியது. "இது என்ன சார் புதுசா?"

"பழசுதான். நான்தான் புதன்கெழமை செய்யாம விட்டுட்டேன்."

அந்தக் காலத்துப் பஸ்களில் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, உள்ளேதான் இருக்கும். மேலே ஒரு மூடி. கூட்டம் என்றால் அந்த மூடிமேல் நான்கு பேர் உட்கார்ந்து வருவார்கள். சூடாக இருக்கும் என்பதால் சாக்கை மடித்துப் போட்டிருப்பார்கள். கரிச்சட்டியின் மூடியில் சாக்குக்கு மேலே சுத்தமான துண்டு ஒன்று விரித்திருந்தது. முதலாளி தினமும் காலை முதல் டிரிப்பில் உட்கார்ந்து வரும் இடம். அன்று காலையும் அதில்தான் வந்திருந்தார். தன் துண்டைத் தானே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "தெற" என்றார்.

சோணைமுத்து நெளிந்தான். "சூடா இருக்கு முதலாளி. ஆறட்டும்."

"தெறடா."

மூடி எழுந்தது. நான் குனிந்தேன். டீசல் பம்ப்பை யாரும் கூட்டிக் குறைக்காதபடி போட்டிருக்கும் ஈய முத்திரையைக் காணோம். அதன் கம்பி வெட்டுப்பட்டுத் தொங்கியது. திருகாணியை முடிந்தவரை ஏற்றி வைத்திருந்தார்கள். இழுவை கூட வேண்டும் என்று எஞ்சினுக்குள் தேவைக்குமேல் டீசலை ஊற்றுகிற வேலை. எரியாத டீசல்தான் அந்தத் தார். அதோடு நின்றிருந்தால் நானும் ஒரு சொற்பொழிவு நிகழ்த்திவிட்டு நின்றிருப்பேன். டீசல் குழாயின் இணைப்பில் சைக்கிள் டியூபைச் சுற்றி நூலால் கட்டியிருந்தது. அந்தக் கட்டிலிருந்து டீசல் சொட்டியது. நேர் கீழே, கொதித்துக்கொண்டிருக்கும் புகைக்குழாய். சொட்டு விழும்போதெல்லாம் 'சுர்' என்று ஒரு வெள்ளை ஆவி எழும்பி மறைந்தது.

"ஆஃப் பண்ணு!" என்று கத்தினேன். சோணைமுத்து எஞ்சினை அணைத்தான். அமைதியில் அந்தச் 'சுர்' இன்னும் துல்லியமாகக் கேட்டது. இரண்டு தடவை. மூன்று தடவை.

நீங்கள் இப்போது என்னை வீரனாக நினைக்க வாய்ப்பிருக்கிறது. வேண்டாம். கத்திய வேகத்தில் நான் படியில் பின்னோக்கியே இறங்கி, முற்றத்தில் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். எப்படி இறங்கினேன் என்று ஞாபகமில்லை. முதலாளி மட்டும் அசையவில்லை. முன்னாள் லாரி டிரைவர். தான் பார்ப்பது என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எப்ப இருந்துடா?"

"நீங்கதான முதலாளி, அந்தச் செவப்பு வண்டிக்கு முந்திப் போகணும்னு தெனமும் வைவீக. பம்ப்பக் கூட்டுனாத்தான் இழுக்கும்னு மெக்கானிக்கு... கொழாயி போன மாசந்தான் ஒழுக ஆரம்பிச்சது. லீவு நாள்ல மாத்திரலாம்னு..."

முதலாளி அவனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சட்டப் புத்தகத்தை டிரைவர் சீட்டில் வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"எழுதுங்க சார்."

படிவத்தை எடுத்தேன். முதல் வரியில் எஞ்சின் என்று எழுதினேன். எந்த விதியின்கீழ் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. மாநிலமா, மத்தியமா? மண்டைக்குள் ஒன்றுமில்லை.

"எதையாச்சும் எழுதுங்க சார். நான் எதுவும் கேக்க மாட்டேன்" என்றார் அவர்.

நல்ல மனிதர் கொடுத்த நல்ல வாய்ப்பு. முந்தின நாளாக இருந்தால் பிடித்துக்கொண்டிருப்பேன். "இல்ல முதலாளி, படிச்சிட்டே எழுதிர்றேன்" என்று சொல்லி உள்ளே போய், இரண்டு புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, தட்டச்சர் அம்மா பார்க்கப் பார்க்க ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. அவர் ஒரு வார்த்தை உதவவில்லை. முதலாளியும் சோணைமுத்துவும் முற்றத்தில் வெயிலில் நின்றார்கள். அதிகாரியும் இறங்கி வந்துவிட்டார். எழுதியதைப் பிறகு யாராலும் அசைக்க முடியவில்லை. அசைக்க யாரும் முயலவும் இல்லை.

உத்தரவை வாங்கிக்கொண்டதும் சோணைமுத்து பழக்கத்தில் சீட்டில் ஏறிச் சாவிக்குக் கையைக் கொண்டுபோனான். முதலாளி பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாதடா! கியர நூட்ரல்ல போட்டு ஸ்டியரிங்க மட்டும் புடி. தள்ளிக்கிட்டே போவோம்."

பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்வரைக்கும் தள்ள வேண்டும். லைசென்ஸ் எடுக்க வந்து வரிசையில் நின்றவர்களில் ஆறேழு பேர் கை கொடுத்தார்கள். முதலாளி சட்டையைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு, பனியனோடு பின்பக்க பம்பரில் தோளைக் கொடுத்தார். காக்கிச் சட்டையோடு நானும் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். கரிச்சட்டி மெல்ல அசைந்து வாசலைத் தாண்டியது. சைலன்சர் என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

தெருமுனையில் வண்டி திரும்பும்போது, முதலாளி பம்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சார், ஒரு மாசமா அது மேலதான் உக்காந்து வாரேன். எனக்குப் பக்கத்துல பிள்ளையத் தூக்கிக்கிட்டு வர்றவுகளுக்கெல்லாம் நானே எடம் விட்டுக் குடுத்துருக்கேன், 'இங்கன உக்காருத்தா'ன்னு."

 ஆறுதலுக்குச் சொல்ல எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை.

"தள்ளுங்க முதலாளி" என்றேன். தள்ளினோம்.